சுவர்ப் பலகையில் உங்கள் வட்டம்

பெரிய தொழிற்சாலைகளில் லைனின் தொடக்கத்தில், ஷிஃப்ட் மீட்டிங் நடக்கும் இடத்தில் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். இடது பக்கம் வரிசையாக ஆபரேட்டர்களின் பெயர்கள், சில இடங்களில் போட்டோவோடு. மேலே ஒவ்வொரு ஸ்டேஷனின் பெயர். பெயரும் ஸ்டேஷனும் சந்திக்கும் கட்டத்தில் நான்கு பாகமாகப் பிரித்த ஒரு வட்டம். அதில் கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி, முழுசு என்று கறுப்பு அடித்திருக்கும். இதுதான் ஸ்கில் மேட்ரிக்ஸ்.

கால் வட்டம் என்றால் அந்த வேலையில் பயிற்சி தொடங்கியிருக்கிறது. அரை என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார். முக்கால் என்றால் தனியாக, தரம் கெடாமல், குறித்த நேரத்துக்குள் முடிப்பார். முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கம்பெனிக்குக் கம்பெனி விவரம் சற்று மாறும், அடிப்படை இதுதான்.

நாளைக்கு ஒருவர் லீவு என்றால் அவர் இடத்தில் யாரை நிறுத்துவது, புது மாடல் வரும்போது ட்ரயலுக்கு யாரை அனுப்புவது, அடுத்த டீம் லீடர் யார், ட்ரெய்னி காலம் முடிந்ததும் யாரைக் கன்ஃபர்ம் செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் போர்டோ இதன் எக்செல் நகலோ மேசைக்கு வந்துவிடும். எச்.ஆர். துறை திறமை மேலாண்மை என்று பெரிய தலைப்பில் சொல்வதில் பாதி, ஷாப் ஃப்ளோரில் இந்த வட்டங்களாகத்தான் நடக்கிறது.

அந்த வட்டங்களை நிரப்புபவர் உங்கள் சூப்பர்வைசர். அவர் தலையில் புரொடக்‌ஷன் கணக்கு, ரிஜெக்‌ஷன், ஆள் பற்றாக்குறை என்று எல்லாம் ஏறியிருக்கும். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாகப் போர்டைப் புதுப்பிப்பது பல இடங்களில் வழக்கம். ஆகவே போர்டு எப்போதும் உங்களைவிடச் சில மாதம் பின்தங்கியே இருக்கும். நீங்கள் முக்கால் வட்டத்துக்கு வந்து நாளாகியிருக்கும், அது இன்னும் அரையிலேயே நிற்கும். அந்த இடைவெளியை மூடுவதில் உங்கள் பங்கு என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ள சேரப்பணஞ்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அறை எடுத்துத் தங்கி கம்பெனி பஸ் ஏறுகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். இவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் முதல் சான்ட்ரோவை வெளியே விட்ட பிறகு இந்தப் பகுதி வளர்ந்த வேகம் அப்படி. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை, 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு, பிறகு வல்லம் வடகாலில் யமஹா என்று வரிசையாக வந்தன. அப்போலோ டயர்ஸும் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் பலவும் இதே சாலைகளில் இருக்கின்றன. ஒரு ஆலையில் கற்ற வேலைக்கு இன்னொரு ஆலையில் மதிப்பு உண்டு. ஆனால் அந்த வேலை உங்களுக்குத் தெரியும் என்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

முதலில், நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்?

ஒரே லைனில் ஒரே சட்டை போட்டு நிற்கும் பத்துப் பேரில் ஒருவர் அப்ரென்டிஸ், ஒருவர் கம்பெனி ட்ரெய்னி, ஒருவர் காண்ட்ராக்ட், ஒருவர் குறித்த கால ஒப்பந்தம், இன்னொருவர் நிரந்தரம். கை செய்யும் வேலை ஒன்றாக இருந்தாலும் திறமை எந்த ரெஜிஸ்டரில் ஏறுகிறது, எங்கே கொண்டு போய் விடுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. வேலையில் சேர்ந்து வருஷக்கணக்காகியும் இதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், நகல் வாங்கியிருக்க மாட்டார்கள்.

1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அப்ரென்டிஸாக இருக்கும் காலத்தின் உண்மையான பலன் தேர்வு எழுதிப் பெறும் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழும், அந்த மாதங்களில் நீங்கள் தொட்டுப் பழகிய இயந்திரங்களும்தான். லைனில் ஆள் குறைகிறது என்று ஒரே ஸ்டேஷனில் வருஷம் முழுக்க நிறுத்தினால், ஒப்பந்தத்தில் உள்ள பயிற்சித் திட்டத்தைக் காட்டி மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தொழிலாளியாக இருப்பவர்கள் 1981-இல் தமிழ்நாடு இயற்றிய நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் இதற்காக வழக்காட நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி, அந்த நாட்களுக்கு என்ன ஆதாரம் என்பதுதான். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. பதிவு, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் மாதாமாதம் போனில் சேமித்துவையுங்கள். யு.ஏ.என். எண் போட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்தின் பெயரில் உங்கள் பி.எஃப். கட்டப்படுகிறது என்று தெரியும். காண்ட்ராக்டர் பெயர் நடுவில் மாறியிருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும்.

2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடைத் தகுதி என்பவை அவற்றில் உண்டு. நியமனக் கடிதம் கைக்கு வந்ததும், உங்கள் பதவிப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெல்டிங் செய்கிறவருக்கு ‘ஹெல்பர்’ என்று போட்டிருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் அந்தச் சொல் உங்கள் வாய்ச்சொல்லைவிட உரக்கப் பேசும்.

கேட்பது எப்படி?

‘எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரமாட்டேங்குறாங்க’ என்ற குறை டீ பிரேக்கில் தினமும் கேட்கிறது. பெரும்பாலும் அது உண்மைதான். அதே குறையைச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோகும்போது அது குறையாக இல்லாமல் ஒரு தெளிவான வேண்டுகோளாக இருந்தால் அவரால் ஏதாவது செய்ய முடியும். ஷிஃப்ட் முடிந்து ஹேண்ட்ஓவர் நடக்கும் நேரத்தில் கேட்காதீர்கள், அவர் காதில் ஏறாது. லைன் சீராக ஓடும் நாளில், ஐந்து நிமிடம் கிடைக்கும்போது இப்படிக் கேட்கலாம்: “சார், டோர் ஃபிட்டிங்ல ஆறு மாசமா நிக்கிறேன், இந்த மாசம் என் ஸ்டேஷன்ல ஒரு டிஃபெக்டும் இல்ல. போர்டுல இன்னும் அரை வட்டமா இருக்கு. ஒருநாள் செக் பண்ணிப் பாத்துட்டு மாத்துவீங்களா? அடுத்த மாச ட்ரெய்னிங் பிளான்ல கிளாஸ் ஃபிட்டிங்குக்கு என் பேரைச் சேர்த்தா நல்லா இருக்கும் சார்.”

இதில் மூன்று விஷயம் இருப்பதைப் பாருங்கள். என்ன செய்தேன் என்பதற்குக் கணக்கு, போர்டில் எங்கே இருக்கிறேன், அடுத்து எது வேண்டும். சூப்பர்வைசர் இதை அப்படியே தன் மேலாளரிடம் திருப்பிச் சொல்ல முடியும். ஆண்டு அப்ரைசலிலும் இதே முறை செல்லும். அப்ரைசல் படிவத்தில் ‘உங்கள் சாதனைகள்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வராது என்பது ஒரு காரணம். தமிழில் எழுதுங்கள், அல்லது ரூம்மேட்டை எழுதித்தரச் சொல்லுங்கள். காலிக் கட்டத்தை யாரும் உங்களுக்காக நிரப்பப் போவதில்லை.

சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு இடம் உண்டு

முக்காலிலிருந்து முழு வட்டத்துக்குப் போவதுதான் இருப்பதிலேயே கடினம். வேலை தெரிவது ஒன்று, தெரிந்ததைப் பிறர் கையில் ஏற்றுவது வேறொன்று. டீம் லீடராக்குவதற்கு ஆள் தேடும்போது மேலாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் இந்தப் பகுதியில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கிறார்கள். தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வரும் புதியவரை மூன்றாம் நாளே லைனில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-இல், அனுபவமில்லாதவர்களை அவசரமாகத் தொழிற்சாலை வேலைக்குப் பழக்க அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சித் திட்டம் அது. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. ஜப்பானிய ஆலைகளின் வேலை முறைகளில் இன்றைக்கும் அதன் சாயல் இருக்கிறது. அதன் சாரம்: கற்பவரைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய வைத்துப் பார், பிறகும் வந்து கவனி. சொல்லிக்கொடுப்பதற்கு முன் வேலையை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். என்ன படி, அதில் என்ன நுணுக்கம், ஏன் அப்படி.

வண்டியின் வயரிங்கில் கனெக்டர் மாட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, இரண்டு பிளாஸ்டிக் முனைகளைச் சேர்ப்பதுதான். எஸ்.ஓ.பி.யில் ‘கனெக்டரைப் பொருத்தவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதைத் தாளில் இறக்கினால் இப்படி வரும். முதல் படி: இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் பிடி. நுணுக்கம்: விரல் வயரில் படக் கூடாது, கனெக்டரின் உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். காரணம்: வயரைப் பிடித்து அழுத்தினால் உள்ளே டெர்மினல் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும், வெளியே தெரியாது. இரண்டாம் படி: தள்ளு. நுணுக்கம்: ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும், லைன் இரைச்சலில் கேட்காவிட்டால் விரல் நுனியில் அந்தத் துடிப்பு தெரிய வேண்டும். மூன்றாம் படி: மெல்லப் பின்னுக்கு இழு. காரணம்: பாதி மாட்டிய கனெக்டர் டெஸ்டிங்கில் பாஸ் ஆகிவிடும், ஆறு மாதம் கழித்து மேடுபள்ளச் சாலையில் ஒருவர் ஓட்டும்போது கழன்றுவிடும்.

அந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லிக்கொடுக்கப்பட்ட புதியவர் இழுத்துப் பார்க்காமல் விட மாட்டார். ‘தள்ளு, க்ளிக், இழு’ என்று மட்டும் கேட்டவர் இரண்டாம் வாரம் இழுப்பதை விட்டுவிடுவார். அனுபவசாலி என்று நாம் மதிக்கும் ஆட்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது பத்திதான். அது அவர்கள் தலைக்குள்ளேயே இருந்து அவர்களோடு ஓய்வு பெற்றுப் போய்விடுகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலைக்காவது இப்படி ஒரு தாள் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே உங்களுக்கு எது நிச்சயமாகத் தெரியாது என்பது புரிந்துவிடும். எழுதியதை டீம் லீடரிடம் கொடுத்து, அதை வைத்து ஒருவருக்கு நீங்களே கற்றுத்தர அனுமதி கேளுங்கள்.

கற்றுக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குறிப்பாகக் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. தனக்குத் தெரிந்ததைக் குறைந்த சம்பளத்தில் வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே போன கதைகள் இங்கே இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரே ஸ்டேஷனின் ரகசியத்தைப் பொத்திவைத்துக்கொண்டு நிற்பவர் அந்த ஸ்டேஷனைவிட்டு எங்கும் நகர முடியாது. மாற்று ஆள் இல்லை என்பதாலேயே அவரை வேறு பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். கற்றுக்கொடுங்கள். யாருக்கு, என்று, எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்பதைப் பயிற்சிப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு எழுத வையுங்கள்.

கைசனை உங்கள் பெயரில் எழுதுங்கள்

கைசன் என்பது உங்கள் வேலையில் நீங்களே யோசித்துச் செய்யும் சிறு மேம்பாடு. அப்படிப்பட்ட யோசனைகளை எழுதி வாங்கும் திட்டத்தை ஜப்பானில் டொயோட்டா 1951-இல் தொடங்கியது. சென்னைக்கு அது தொலைதூரச் சங்கதி அல்ல. 1998-இல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் வென்றது. அந்தப் பரிசின் சோதனையாளர்கள் ஆலைக்குள் வந்து பார்ப்பவற்றில், சாதாரணத் தொழிலாளி தன் வேலையை எப்படி மேம்படுத்துகிறார் என்பதும் ஒன்று.

போல்ட் டப்பா முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பி எடுக்கிறீர்கள், மூன்று வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷிஃப்டுக்கு 400 வண்டி என்றால் 1200 வினாடி, அதாவது 20 நிமிடம். கூடவே 400 தடவை இடுப்பு திரும்புகிறது. ஒரு சரிவான தட்டு வைத்து டப்பாவை முன்னால் கொண்டுவரலாம் என்று தோன்றினால், வாய்ப்பேச்சாக டீம் லீடரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். முன்பு எப்படி, பின்பு எப்படி என்று இரண்டு போட்டோ (போன் அனுமதி இல்லாத இடத்தில் லீடரை எடுக்கச் சொல்லலாம்), இந்த 20 நிமிடக் கணக்கு, உங்கள் பெயர், எம்ப்ளாயி எண், தேதி. அவ்வளவும் கைசன் படிவத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன யோசனை வேறு யார் பெயரிலாவது பவர்பாயின்ட்டில் வந்து நிற்பதைப் பார்த்து மனம் வெறுத்தவர்கள் பலர்.

ஒரு ஸ்டேஷனோடு முடிந்துவிடாத திறமை

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் செல்போன் ஆலையைத் திறந்தது. உலகிலேயே பெரிய கைபேசித் தொழிற்சாலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. ஆயிரக்கணக்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்கள். வரிப் பிரச்சினையால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல், 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அதைத் தொடர்ந்து மூடப்பட்டது. பிறகு அந்த நோக்கியா வளாகத்தை சால்காம்ப் வாங்கி, சார்ஜர் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் நடுவில் போன வருடங்களை அந்தப் பெண்களுக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

அதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. உலகத்தரமான ஒரு லைனில் வருஷக்கணக்கில் நின்றும், வெளியே வரும்போது தனக்குத் தெரிந்த வேலை எது என்று இன்னொரு கம்பெனிக்குப் புரியும்படி சொல்ல முடியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். குறிப்பிட்ட ஒரு மாடலின் குறிப்பிட்ட ஒரு ஸ்க்ரூவை இறுக்குவது அந்த லைன் நிற்கும்வரைதான் வேலை. டார்க் என்றால் என்ன, டார்க் டூலை எப்படிச் சரிபார்ப்பது, அளவு மீறினால் என்ன செய்வது என்பது எந்த ஆலைக்கும் போகும் திறமை. சால்டரிங்கில் நல்ல இணைப்பையும் கெட்ட இணைப்பையும் பார்த்துப் பிரிப்பது, வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வாசிப்பது, டிராயிங் பார்ப்பது, ரோபோ நின்றால் அலாரம் எண்ணைப் படித்துச் சொல்வது, ஸ்டாட்டிக் மின்சாரம் ஏன் சர்க்யூட் போர்டைக் கெடுக்கிறது என்று தெரிந்திருப்பது எல்லாம் இந்த வகை. மாதம் ஒன்றாவது இந்த வகையில் சேர்கிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் அவசரம். எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் அவர்களை அசெம்பிளியிலும் இன்ஸ்பெக்‌ஷனிலும் நிறுத்திவிட்டு, மெயின்டனன்ஸ், டூலிங், ப்ராசஸ் வேலைகளை ஆண்களுக்கே கொடுப்பது சர்வசாதாரணம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்க இடம் கிடைத்தது பெரிய விஷயம். அங்கே தங்கும் பெண், இயந்திரத்தின் கவரைத் திறந்து பழுது பார்க்கும் பயிற்சியையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று வருடத்தில் திருமணம் என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள் என்பதே அந்தப் பயிற்சியை இப்போதே கேட்பதற்குக் காரணம்.

படிப்பைத் தொடர வழிகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரூ. 2,877 கோடிச் செலவில் தொழில் 4.0 மையங்களாக அரசு மேம்படுத்தியிருக்கிறது. ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. இயந்திரங்கள் அங்கே வந்திருக்கின்றன. ஷிஃப்டோடு படிப்பது உடம்பைப் பிழியும். நைட் ஷிஃப்ட் முடிந்து வகுப்புக்குப் போகத் திட்டமிடாதீர்கள், ஷிஃப்ட் மாற்றித்தரச் சொல்லி எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தனியாளாகக் கேட்டால் கிடைக்காதவை

மேலே சொன்னவை எல்லாம் ஒருவரால் செய்ய முடிந்தவை. அப்ரைசல் மதிப்பெண் எதை வைத்துப் போடப்படுகிறது, டீம் லீடர் தேர்வுக்கு என்ன விதி, காண்ட்ராக்ட் ஆளுக்கும் பயிற்சி உண்டா என்பவற்றை ஒருவர் கேட்டு மாற்ற முடியாது. முன்னேறாததற்கு உங்கள் முயற்சிக் குறைவுதான் காரணம் என்று எச்.ஆர். சொன்னால், விதியை முதலில் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு ஒரு கூட்டுக் குரல் வேண்டும். ஒர்க்ஸ் கமிட்டி, கேன்டீன் கமிட்டி, சங்கம் எல்லாம் அதற்குத்தான். சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கமும் சம்பளமும்தான் அதன் மையம். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு பெற்றது. சங்கத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் போனஸுக்குக் கீழே பயிற்சி நாட்களையும் பதவி உயர்வு விதிகளையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கில் மேட்ரிக்ஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழிலாளியைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தாலே நிறைய மாறும்.

கம்பெனியை விட்டுப் போகும் நாள் வந்தால், சர்வீஸ் சர்டிஃபிகேட்டில் எத்தனை ஆண்டு என்பதோடு என்ன வேலை என்றும் எழுதித்தரச் சொல்லுங்கள். உங்கள் பயிற்சிப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். ஆட்குறைப்பில் போகிறவர் என்றால், புதிய தொழில் உறவுத் தொகுப்பின் மறுதிறன் நிதியில் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகை 45 நாட்களுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அந்தக் கணக்கு எண் உயிரோடு இருக்கிறதா, அதில் உள்ள போன் நம்பர் இப்போதுள்ளதுதானா என்று எச்.ஆர். மேசையிலிருந்து எழுவதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.